தணல் விருந்து

உண்டியைப் பற்றிக் கல்லூரி மலரில் எழுதப் புகுதல் பொருந்துமோவென்று நண்பர் சிலர் ஐயுறக்கூடும். செய்யுள் நயமும் நாட்டு வரலாறும் விஞ்ஞான விந்தைகளும் இடம்பெற வேண்டிய இப்பக்கங்களில், ஒரு மாணவன் தான் தின்ற கோழித்துண்டங்களை எண்ணிக்கொண்டிருப்பதா என்று அவர் வினவின், அவர்க்கு யான் கூறும் விடை ஒன்றே. நம் முன்னோர் சோற்றை இழிவாக எண்ணினாரல்லர். பத்துப்பாட்டுள் இரண்டாவதாகிய பொருநராற்றுப்படையை எடுத்து நோக்குக. கரிகாற் பெருவளத்தானைப் பாட வந்த முடத்தாமக்கண்ணியார், அவ்வேந்தன் வென்ற போரைக் கூறுதற்கு முன்னரே அவன் இட்ட விருந்தைக் கூறுகின்றார். இருப்புக் கம்பியிற் கோத்துச் சுட்ட கொழுத்த ஊன்துண்டங்களைப் பொருநன் சூடு பொறாமல் வாயின் இப்புறமும் அப்புறமுமாக ஒதுக்கி ஒதுக்கி உண்டான் என்றும், இரவும் பகலும் ஊனைத் தின்று தின்று அவன் பற்கள் கொல்லை நிலத்தை உழுத கொழுவைப் போல மழுங்கின என்றும் அப்பாட்டு உரைக்கின்றது. ஆதலின், கம்பியிற் கோத்துச் சுட்ட இறைச்சி நமக்குப் புதிதன்று. புதிதாக வந்திருப்பன அதன் பெயரும், அதனைத் தலைக்கு இவ்வளவென்று காசு கொடுத்து உண்ணும் முறையுமே.

அப்பெயரின் வரலாறு சுவையுடையது. கரிபியத் தீவுகளில் வாழ்ந்த தைனோ என்னும் பழங்குடி மக்கள், கால்களை நட்டு மேலே கழிகளைப் பரப்பி அமைத்த ஒருவகைப் பரணைப் பார்பகோவா என்று வழங்கினர். அப்பரண்மீது மீனையும் இறைச்சியையும் இட்டுக் கீழே தீ மூட்டி மெல்ல மெல்லச் சுட்டெடுப்பது அவர் வழக்கம். 1492ஆம் ஆண்டில் கொலம்பஸ் அக்கடலை அடைந்தபின், அங்கே குடிபுகுந்த ஸ்பானியர் அச்சொல்லைத் தம் மொழியில் ஏற்றனர். அவர் வாயிலாக அஃது ஆங்கிலத்தை அடைந்து பார்பிக்யூ ஆயிற்று. சொல்லைத் தந்த மக்களோ, வந்தேறிகள் கொணர்ந்த நோயினாலும் அவர் இழைத்த கொடுமையினாலும் ஒரு நூற்றாண்டு கழிவதற்குள் பெரும்பாலும் அழிந்தொழிந்தனர். மக்கள் மறைந்தும் சொல் மறையவில்லை. அஃது இன்று அம்பத்தூரில் ஒரு மாடிக் கட்டடத்தின் நெற்றியில், சிவந்த விளக்கெழுத்தாக நின்று எரிகின்றது. அன்பர்கள் அக்கரிபியத் தீவுகளைச் சற்றே நினைவிற் கொள்ள வேண்டுகிறேன். வேறொரு காரணம்பற்றி அவற்றை மீண்டும் குறிப்பிட நேரும்.

சென்னையிலிருந்து மேற்கே செல்லும் புறநகர் இரயில், வில்லிவாக்கத்தைக் கடந்தபின் கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அன்னனூர், ஆவடி என்று நின்று நின்று செல்வதை நம்மிற் பலர் நாள்தோறும் அறிவர். தீயை வேலைக்கு அமர்த்திய பகுதி அது. 1955ஆம் ஆண்டு சனவரியில் காங்கிரஸ் மகாசபை ஆவடியிற் கூடிச் சமதர்ம மாதிரியான சமுதாய அமைப்பைத் தன் நோக்கமாக ஏற்றது. அடுத்த பத்தாண்டில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. 1965இல் ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா என்னும் போர் டாங்கி வெளிவந்தது. உலைக்களமும், வார்ப்படச் சாலையும், இரும்பைப் பற்றவைக்கும் நீலச் சுடரும் அங்கே இன்றும் குறைவில்லை. பிற்காலத்தில் கணிப்பொறி அலுவலகங்களும் அவற்றினிடையே முளைத்தன. அலுவலகங்களைத் தொடர்ந்து உண்டிச்சாலைகள் வந்தன. மேசையின் நடுவே ஒரு குழி அமைத்து, அதனுட் கனலும் கரியடுப்பை இறக்கி, உண்பாரே கம்பிகளைத் திருப்பித் திருப்பிச் சுட்டுண்ணும் முறையை, 2006ஆம் ஆண்டில் மும்பையில் தன் முதற் கடையைத் திறந்த பார்பிக்யூ நேஷன் என்னும் நிறுவனம் நம் நாட்டிற் பெரிதும் பரப்பியது. அதனைப் பின்பற்றி வேறு பலரும் கடை வைத்தனர். யாங்கள் சென்றதும் அத்தகைய கடைகளுள் ஒன்று. அதன் பெயர் ஈண்டு வேண்டப்படுவதன்று.

யாங்கள் என்றது என் தாயாரையும், என் தமக்கையையும், என்னையும். தமக்கை தொழிற்பேட்டையில் ஒரு சிறு தொழிற்சாலையிற் பரிசோதகர் வேலை பார்க்கின்றார். கடைசல் எந்திரத்திலிருந்து வரும் உதிரிகளை அளந்து, சரியானதை ஒரு பெட்டியிலும் பிழையானதை வேறொரு பெட்டியிலும் இடுவது அவர் தொழில். அவர் சம்பளத்தில் யான் இரசாயனம் பயில்கின்றேன். இருவரும் திருமுல்லைவாயிலில் ஓர் அறையிற் குடியிருக்கின்றோம். எங்கள் ஊர் இராமநாதபுரம் மாவட்டத்தில் முதுகுளத்தூரை அடுத்தது. தந்தையார் இல்லை. தாயார் முப்பது ஆண்டாகக் கரிமூட்டத்தில் வேலை செய்தவர். அண்மையில் மூச்சிரைப்பு மிகுந்தமையால், மூட்டம் போடும் வேலையை விட்டு, ஆறிய கரியைப் பொறுக்கித் தரம் பிரித்து மூட்டை கட்டும் வேலையை மட்டும் செய்துவருகின்றார். மருத்துவரிடம் காட்டுதற்பொருட்டே அவரை நான்கு நாளைக்குச் சென்னைக்கு வருவித்தோம். நெஞ்சைப் படம்பிடித்துப் பார்த்த மருத்துவர், மருந்துகளை எழுதித் தந்து, இனிப் புகையின் பக்கமே செல்லலாகாதென்று சொல்லி, ஒரு வாரம் கழித்து மீண்டும் வருமாறு பணித்தார். அந்த வாரத்தில்தான் தமக்கைக்கு ஆண்டு ஊக்கத்தொகை கிடைத்தது. தாயாரை ஒரு நல்ல இடத்திற்கு அழைத்துச் சென்று நண்பகல் உணவு அளிக்க வேண்டுமென்பது அவருடைய நெடுநாள் ஆசை.

தலைக்கு இவ்வளவு, எவ்வளவு வேண்டுமாயினும் உண்ணலாம் என்று கேட்டவுடன் தாயார் சிறிது நேரம் சிந்தித்தார். பிறகு, "அப்ப திங்கிறதுக்குக் காசா, உக்காருறதுக்குக் காசா?" என்று வினவினார். பொருளாதார நூல் கற்கும் நண்பர்கள் இவ்வினாவிற்கு விடை கூறுவாராக. எங்களுக்கு விடை தெரியவில்லை.

உள்ளே குளிர்காற்று வீசியது. ஒவ்வொரு மேசையின் மேலும் ஒரு குழாய் தொங்கி, எழும் ஆவியையெல்லாம் உறிஞ்சிக்கொண்டிருந்தது. மேலாளர் முன்வந்து வணங்கி, தாயார் அமருதற்கு நாற்காலியைத் தம் கையாலேயே இழுத்துப் போட்டார். இதனை யான் ஒரு சிறு செய்தியாக எண்ணவில்லை. எங்கள் பக்கத்துப் பெரிய வீட்டுப் பந்திகளில் என் தாயார் உண்டது எப்பொழுதும் கடைப்பந்தியில், அதுவும் புறக்கடையில். காசை வாங்கிக்கொண்டு சோறு போடும் வழக்கத்தை விருந்தோம்பலின் வீழ்ச்சி என்று பேசுவாரை யான் பல மேடைகளிற் கேட்டிருக்கின்றேன். அவர் பேச்சில் உண்மை உண்டு. ஆயினும், இன்ன குலம், இன்ன தெரு என்று வினவாமல் நாற்காலியை இழுத்துப் போடும் கையைக் காசு வாங்கித் தந்தது என்பதும் உண்மையே. அந்த நாற்காலியின் நுனியில் தாயார் அமர்ந்தார். முழுதும் சாய்ந்து அமரச் சற்று நேரம் ஆயிற்று.

மேசைமேல் ஒரு சிறு கொடி நட்டிருந்தது. அது நிமிர்ந்து நிற்குமளவும் கம்பிகள் வந்துகொண்டேயிருக்கும். போதுமென்று தோன்றினால் அதனைச் சாய்த்துவிடுதல் வேண்டும். பணியாளனாகிய இளைஞன் இதனைத் தெரிவித்துச் சென்று, இரு கைகளாலும் ஓர் இரும்புத் தொட்டியைத் தூக்கி வந்து மேசைக்குழியில் இறக்கினான். தொட்டி நிறையக் கனன்ற கரி. தாயார் குனிந்து நோக்கினார். ஊரில் ஆட்டுக்குட்டியைப் பார்த்த மாத்திரத்தில் இன்னார் பட்டி என்று சொல்லும் முதியவர் நோக்குவது போல நோக்கினார்.

"கருவக்கரி. தூர்க்கரியாக்கும். நல்லா வெந்திருக்கு" என்றார்.

தமக்கைக்கு அப்போதுதான் மருத்துவர் சொல் நினைவிற்கு வந்தது. அவர் முகம் வெளுத்தது. உடனே இளைஞனை நோக்கி, "தம்பி, அடுப்பை எடுத்துருங்க. அம்மாவுக்குப் புகை ஆகாது. சுட்டதையே கொண்டுவந்து வச்சாப் போதும்" என்றார். இளைஞன் தொட்டியின் பிடியைப் பற்றினான். தாயார் அவன் கையைத் தடுத்தார்.

"இருக்கட்டும் ஆத்தா. வெந்த கரியில ஏது புகை? போக வேண்டிய புகையெல்லாம் மூட்டத்துலயே போயிருச்சு. அதத்தான் நாங்க வாங்கிக்கிட்டோமே."

சினமின்றி, மழை பெய்ததைச் சொல்வது போல, அவர் இதனைச் சொன்னார். தமக்கை மேலே பேசவில்லை. அடுப்பு அங்கேயே இருந்தது.

இரசாயனம் பயிலும் நண்பர்க்குத் தாயார் கூறியதன் உண்மை விளங்காமற் போகாது. காற்றுப் புகாத இடத்தில் மரத்தைச் சூடேற்றினால் அஃது எரிவதில்லை, சிதைகின்றது. முதலில் அதன்கண் உள்ள நீர் ஆவியாகும். பின்னர்ப் புளித்த நாற்றமுடைய அசெட்டிக அமிலமும், மெதனால் என்னும் மரச் சாராயமும், கருத்த தாரும், கார்பன் மோனாக்சைடு முதலிய வாயுக்களும் வெளியேறும். எஞ்சுவது பெரும்பாலும் கரியமே. ஆதலால், கரியென்பது தன் புகையை முன்னரே போக்கிவிட்ட விறகு. அதனாலன்றோ அதனை மக்கள் உண்ணும் மண்டபத்தின் நடுவே கொண்டுவந்து வைக்கத் துணிகின்றனர்! மரவிறகை அம்மேசையில் மூட்டினால் ஒரு கணமேனும் அங்கே இருப்பார் யார்? நம் பரிசோதனைச் சாலையில் இச்சிதைவை ஒரு கண்ணாடிக் குழாயில் நிகழ்த்தி, வெளிவரும் ஆவியைக் குளிர்வித்து ஒரு கலத்தில் ஏந்தி, அதன் நிறத்தையும் மணத்தையும் குறிப்பேட்டில் எழுதுகின்றோம். கரிமூட்டத்தில் அவ்வாறு ஏந்தும் கலம் இல்லை. அருகில் நிற்பவருடைய மார்பே கலம்.

மூட்டத்தைக் கண்டிராத நண்பர் பலர் இருப்பர். அவர்பொருட்டு அதனைச் சிறிது விரித்துரைக்கின்றேன். மழை ஓய்ந்தபின் கருவைக் காட்டை ஆண்டைக்குத்தகைக்கு எடுத்தவர் ஆட்களை விட்டு மரங்களை வெட்டுவிப்பர். முள் கழித்து, கிளை வேறு, அடிமரம் வேறு, தோண்டியெடுத்த வேர்த்தூர் வேறு எனப் பிரிப்பர். பருத்தவை நடுவிலும் சிறுத்தவை புறத்திலுமாக நெருக்கி அடுக்கினால் குன்று போலும் ஒரு குவியல் உண்டாகும். அடுக்குவதில்தான் தொழில் இருக்கின்றது. இடைவெளி மிகுந்தால் காற்று ஓடி விறகெல்லாம் சாம்பலாகும். மிகக் குறைந்தால் தீ நடுவழியில் அணைந்து அரைவேக்காட்டுக் கட்டைகள் கிடக்கும். குவியலின்மேல் வைக்கோலும் தழையும் போர்த்து, அதன்மேல் ஈரமண்ணை அப்பி மெழுகுவர். ஒரு வாயில் விட்டு அதன் வழியாகத் தீ இடுவர். அடியில் ஆங்காங்கே சிறு துளைகள் வைப்பர். அதற்குப்பின் மூட்டம் பல நாள் உள்ளுக்குள்ளே வேகும். இரவும் பகலும் ஒருவர் மாறி ஒருவர் விழித்திருந்து காவல் செய்தல் வேண்டும். மண்போர்வை எங்கேனும் வெடித்தால், அக்கணமே அவ்விடத்தில் ஈரமண்ணை வைத்து அடைக்க வேண்டும். தாமதித்தால் அத்தனை பேர் உழைப்பும் ஒரே இரவில் நீறாகிவிடும். சுடும் குன்றின்மேல் வெறுங்காலோடு ஏறி வெடிப்பை அடைத்துவிட்டு இறங்குவார் என் தாயார். சிறுவனாயிருந்த யான் அவர் காலடியின் கீழிருந்து புகை பிதுங்குவதைக் கண்டு அஞ்சி அழுததுண்டு.

வெந்துவிட்டதா என்பதை அறிய அளவுகருவி ஒன்றும் இல்லை. புகையின் நிறமே குறி. முதலில் வெண்மையாகப் பஞ்சுபோலப் புரண்டெழும் புகை, நாளடைவில் மெலிந்து நீலநிறம் கொள்ளும். நீலம் கண்டவுடன் துளைகளையெல்லாம் அடைத்து ஆறவிடுவர். ஆறியபின் பிரித்து, ஒளிந்திருக்கும் கனலை நீர் தெளித்து அணைத்து, கரியை வாரித் தரம் பிரிப்பர். பசுமரத்தின் எடையில் நான்கில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோ கரியாக மிஞ்சினால் அது நல்ல மூட்டம். மற்றையதெல்லாம் வானத்திற்கும் நெஞ்சிற்கும் போயிற்று.

இனி, முன்னே நினைவிற் கொள்ளச் சொன்ன தீவுகளுக்கு வருவோம். எங்கள் பக்கத்தில் வேலிக்கருவை என்றும் பிற இடங்களிற் சீமைக்கருவேலம் என்றும் வழங்கும் இம்மரம் நம் நாட்டிற்கு உரியதன்று. மெக்சிக்கோவும், தென் அமெரிக்காவின் வடபகுதியும், கரிபியத் தீவுகளும் அதன் தாயகம். விறகுப் பஞ்சத்தைத் தீர்க்கும்பொருட்டு 1870களில் வெள்ளையர் அரசினர் அதன் விதையை வருவித்துச் சென்னை மாகாணத்திற் கடப்பைப் பகுதியில் நடுவித்தனர். ஆடுமாடுகள் அதன் இனிய நெற்றைத் தின்று சென்றவிடமெல்லாம் விதையைச் சிதறின. வறண்ட இராமநாதபுரச் சீமையில், கண்மாய்க்கரை, புறம்போக்கு, விளையாத கரிசல் என்று வேறுபாடின்றி அது படர்ந்துவிட்டது. பரண்மேல் இறைச்சியைச் சுட்டவர் மொழியிலிருந்து புறப்பட்ட சொல் ஒரு வழியாகவும், அவர் கடற்புறத்து மரம் மற்றொரு வழியாகவும் உலகைச் சுற்றி வந்து, ஐந்நூறு ஆண்டிற்குப்பின் அம்பத்தூரில் ஒரு மேசையின்மேல் ஒன்றையொன்று சந்தித்தன. இதனை எண்ணியபோது கம்பியைத் திருப்ப மறந்தேன். ஓர் இறால் கருகிற்று.

அம்மரத்தை ஒழிக்க வேண்டுமென்பார் கூற்று எளிதில் தள்ளத்தக்கதன்று. கண்மாய்களை அது அடைத்துக்கொண்டது. பயிர்நிலத்தைத் தரிசாகவே வைத்திருக்கின்றது. 2017ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதனை அகற்றுமாறு ஆணையிட்டது. அவ்வாண்டிலேயே அப்பணிக்கு இடைக்காலத் தடையும் வந்தது. 2022இல் தமிழக அரசினர் அயல்தாவரங்களை அகற்றுதற்கெனத் தனிக் கொள்கை ஒன்றும் வெளியிட்டனர். மரம் போகட்டும் என்றே யானும் கருதுகின்றேன். ஆயின், மழை பொய்த்த ஆண்டுகளில் எங்கள் வீட்டு அடுப்பில் உலை வைத்ததும், என் தமக்கையைத் தொழிற்பயிற்சிக்கும் என்னைக் கல்லூரிக்கும் அனுப்பியதும் அம்மரமே. அது போனபின் மூட்டத்துப் பெண்கள் எங்கே போவார் என்பதற்கு விடை கூறாதவரோடு சேர்ந்து கைதட்ட என் மனம் ஒருப்படவில்லை.

நிற்க. உணவிற்கு வருவோம். தயிரிலும் எலுமிச்சைச் சாற்றிலும் மிளகாய்ப்பொடியிலும் ஊறிய கோழி, இறால், மீன் ஆகியவை ஒரு புறமும், பன்னீர், காளான், அன்னாசி ஆகியவை மறுபுறமுமாகக் கம்பிகள் வந்தன. இளைஞன் அடுப்பை விசிறப் போனான்.

"விசிறாதே தம்பி. நீறு பூக்கட்டும். அப்புறம் வையி" என்றார் தாயார்.

நீறு பூத்த நெருப்பு என்று நாம் உவமைக்கு மட்டும் எடுத்தாளும் பொருளின் உண்மையான பயனை அன்றுதான் யான் கண்டேன். கொழுந்து விட்டு எரியும் தீ இறைச்சியின் புறத்தைக் கருக்கி அகத்தைப் பச்சையாக விட்டுவிடும். மேலே மெல்லிய சாம்பல் படிந்த கனலோ, வெப்பத்தை ஒரே சீராக வீசும். அவ்வெப்பத்தில் இறைச்சியின் புரதமும் சருக்கரையும் கூடிப் பொன்னிறமும் நறுமணமும் பெறுகின்றன. 1912ஆம் ஆண்டில் மயார் என்னும் பிரெஞ்சு அறிஞர் இக்கூட்டத்தை முதன்முதல் ஆராய்ந்து விளக்கினார். இன்றும் அஃது அவர் பெயராலேயே வழங்குகின்றது. தாயார் அவர் பெயரை அறியார். ஆனால் ஒவ்வொரு கம்பியையும் எப்பொழுது திருப்ப வேண்டுமென்பதை அறிந்திருந்தார். கொழுப்பு உருகித் தணலிற் சொட்டிச் சிறிது புகை எழுந்தபோது மட்டும், தலையைப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டார். தமக்கை அப்போதெல்லாம் உண்பதை நிறுத்தி அவர் மூச்சையே கவனித்திருந்தார். மேலே தொங்கிய குழாய் தன் கடமையைச் செய்தது. இருமல் வரவில்லை.

கோழி மென்மையாகவும், சுவை ஆழ ஊறியும் இருந்தது. மீன் அதனினும் நன்று. இறாலைப் பற்றிப் பெரிதாகச் சொல்லுதற்கு ஒன்றுமில்லை. சுட்டபின் எல்லா இறாலும் ஒரே இறால்தான். தாயாருக்கு மிகவும் பிடித்தது அன்னாசி. தணலின்மேல் அதன் இனிப்பு உருகி விளிம்பு மட்டும் சிவந்து வந்ததை நான்கு முறை கேட்டு வாங்கி உண்டார். இறைச்சியில் இரண்டு துண்டிற்கு மேல் உண்ணவில்லை. ஆயினும் கொடியைச் சாய்க்க அவர் இசையவில்லை. "அந்தப் பிள்ளை ஆசையா கொண்டாருது. வேணாம்னா மனசு சங்கடப்படும்" என்றார். கரிகாலனிடம் விருந்துண்ட பொருநன் பன்னாள் உண்டபின், இனி மூச்சு விடவும் இடமில்லையென்று தளர்ந்து, விடை வேண்டினான். வேந்தன் மனமின்றி விடையளித்து, ஏழடி பின்சென்று வழியனுப்பினான். எங்களுக்கோ, மூன்றரை மணிக்குமேல் அம்மேசை பிறர்க்கு உரியது என்று முன்னரே சொல்லியிருந்தனர். குறை கூறவில்லை. வேந்தனுக்கு அடுத்த பந்தி காத்திருக்கவில்லை.

கூட்டம் குறைந்தபின் இளைஞன் எங்களருகே சிறிது நேரம் நின்றான். ஒடிசாவிலிருந்து வந்தவன், இரண்டாண்டிற் கற்ற தமிழைப் பிழையின்றிப் பேசினான். கனலும் தொட்டியை நாள்தோறும் தூக்கி அவன் முன்கையிற் சிறு வடுக்கள் இருந்தன. தாயார் அவற்றைக் கண்டு, தம் முன்கையைச் சேலைத்தலைப்பிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துக் காட்டினார். இருவரும் நகைத்தனர். பிறகு தாயார் கேட்கத் தொடங்கினார். நாளைக்கு எத்தனை மூட்டை கரி செலவாகும்? யார் கொண்டுவந்து போடுகின்றார்? நொறுங்கல் எவ்வளவு வருகின்றது? கிலோ என்ன விலை? கடைசி வினாவிற்கு அவன் உள்ளே சென்று வினவி வந்து விடை சொன்னான்.

தாயார் சிறிது நேரம் பேசவில்லை. விரல்களை மடக்கலானார். வண்டிக்கூலி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, சாக்கு விலை, தரகு, நொறுங்கலிற் கழிவது, சென்னையிற் கிடங்கு வைத்திருப்பவர் இலாபம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கழித்துக்கொண்டே போனார். எதனையும் அவர் குறைத்து மதிப்பிடவில்லை. இலாபத்தைக் கூடத் தாராளமாகவே விட்டார். எல்லாம் கழிந்தபின்னும், மூட்டத்தில் ஒரு மூட்டைக்கு அவர்கள் பெறும் தொகையினும் பெரியதொரு தொகை எஞ்சி நின்றது. தமக்கை தம் கைப்பேசியில் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார். பிழையான உதிரியை ஒரு நோக்கிற் கண்டுபிடிக்கும் அவர் தாயாரின் கணக்கிற் பிழை காணவில்லை.

"இந்த மிச்சம் யாருக்குப் போகுது?" என்றார் தாயார். எங்களைக் கேட்டாரா, தணலைக் கேட்டாரா என்று தெரியவில்லை.

விலைச்சீட்டு வந்தது. தமக்கை காசைக் கொடுத்தார். தாயார் அச்சீட்டை என்னிடம் தந்து, அதன் பின்புறத்திற் கரியின் விலையையும், கிடங்குக்காரர் தொலைபேசி எண்ணையும், அம்மூட்டை எந்த ஊர் வழியாக வந்ததென்பதையும் எழுதச் சொன்னார். "கொட்டையெழுத்தா எழுது ராசா. மாரிக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும்" என்றார். மாரி என்பது அவரோடு மூட்டை கட்டும் பெண்களில் ஒருத்தியை அவர் அழைக்கும் பெயர். எழுதிய சீட்டை நான்காக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

அன்று மாலை வீட்டில் ஒரு வழக்கு நிகழ்ந்தது. மருத்துவர் சொன்ன வாரம் முடிய இன்னும் மூன்று நாள் இருந்தது. அதுவரை தங்கவேண்டுமென்று தமக்கை மன்றாடினார்; அழுதும் பார்த்தார். வியாழக்கிழமை யாவாரி லோடு ஏற்ற வருவான், அதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்பதொன்றே தாயார் விடை. புகையின் பக்கம் போகமாட்டேன் என்று மட்டும் தமக்கையின் தலைமேல் கைவைத்துச் சொன்னார். மருந்துப் பையை யான் அவர் பெட்டியின் மேற்புறத்தில் வைத்தேன். எழும்பூரில் இராமேசுவரம் இரயிலில் ஏற்றிவிட்டோம். சன்னலோரத்தில் அமர்ந்து முந்தானை முடிச்சை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வியாழக்கிழமை இரவு தொலைபேசியில் அழைத்தார். மூச்சு எப்படி இருக்கின்றது என்று தமக்கை வினவினார். மூச்சைப் பற்றி அவர் ஒரு சொல்லிற் கூறிவிட்டு மற்றதைச் சொல்லத் தொடங்கினார். யாவாரி முதலில் நகைத்தானாம். பிறகு சீட்டைக் காட்டச் சொன்னானாம். மாரி அதனைத் தன் கையிலிருந்து விடாமல் எழுத்துக்கூட்டி உரக்க வாசித்தாளாம். வண்டி இரண்டு மணி நேரம் வெறுமனே நின்றதாம். முடிவில் மூட்டைக்குப் பதினைந்து ரூபாய் கூட்டினானாம்.